லத்தூரா, கிறேஞ்சா: திருமலை வெக்கையில் எதை நம்பி வாங்கலாம்?

ஒரு போத்தல் சிவப்பு வைனுக்குத்தான் காசு, பிரான்சின் ஷாத்தோ லத்தூரா அவுஸ்திரேலியாவின் பென்போல்ட்ஸ் கிறேஞ்சா என்று திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்டால், லத்தூர் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. சுவையில் இரண்டும் சோடை போகாது. வைத்துப் பாதுகாக்கிற சிரமத்தில்தான் விஷயமே.

லத்தூர், பிரான்சின் போயாக்கில் சரளைக்கல் மண்ணில் உள்ள தோட்டம். போர்தோ வைன்களின் 1855 தரப்படுத்தலில் முதல் தரம். கபெர்னே சோவின்யோன் என்ற திராட்சைதான் அதன் உயிர். கிறேஞ்ச், பென்போல்ட்ஸின் வைன் தயாரிப்பாளர் மக்ஸ் ஷூபர்ட் 1951இல் சோதனையாகத் தொடங்கிய ஷிராஸ் திராட்சை வைன். தென் அவுஸ்திரேலியாவின் பல இடத்துப் பழம் கலந்தது. ஒரே தோட்டத்து மண்வாசம் தேடுபவருக்கு அது சரிவராது.

கிறேஞ்ச் அறுவடையாகி ஏறக்குறைய 4 வருடத்தில் கடைக்கு வந்துவிடும். பிறகு 15, 20 வருடம் முதிர வைப்பது வாங்கியவர் தலையில். லத்தூரோ, பீப்பாயில் கிடக்கும்போதே முன்கூட்டி விற்கும் வழக்கத்தை 2012இல் கைவிட்டது. அந்த வருட அறுவடை தொடக்கம், தன் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கும் பதம் நெருங்கியது என்று பட்டால்தான் வெளியே விடுகிறது. ஆகவே முதிர்வின் ஒரு பங்கு போயாக்கின் குளிரிலேயே முடிந்துவிடும். தோட்டத்திலிருந்து நேரே வந்த போத்தலுக்குத்தான் இது பொருந்தும். ஏலத்தில் கைமாறிக் கைமாறி வந்தால் அந்த அனுகூலம் போச்சு.

வைனுக்கு 12–14 பாகை வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகல் 34, 35ஐத் தொடும். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். தக்கை போத்தல் வாய்க்கு மேல் எழும்பியிருந்தாலோ, கழுத்தோரம் பிசுபிசுத்த கறை இருந்தாலோ வாங்க வேண்டாம். சாதாரண பிரிட்ஜில் பல மாதம் கிடந்தால் தக்கை காய்ந்து சுருங்கும். கொம்பிரசர் இல்லாத மலிவு வைன் அலமாரி வெளிச் சூட்டைவிட 10–15 பாகைதான் இறக்கும். 34இல் அது 19ஐத் தாண்டி இறங்காது. கொம்பிரசர் உள்ளதை வாங்கினால் ஸ்டெபிலைசரும் வேண்டும், கண்டென்சரைக் கடற்காற்றின் உப்பு அரிக்கும். 20 வருடத்துக்கு ஒரு அலமாரி தாக்குப்பிடிக்காது. மின்வெட்டு சில மணிநேரம் என்றால் கதவைத் திறக்காமல் விட்டாலே போதும்.

கிறேஞ்சுக்கு ஒரு வசதி உண்டு: 15 வருடம் கடந்த போத்தல்களைத் திறந்து பார்த்து, நல்லதென்றால் நிரப்பிப் புதுத் தக்கை போடும் முகாம்களை பென்போல்ட்ஸ் 1991 முதல் நடத்துகிறது. ஆனால் வெந்துபோன வைனை எந்தத் தக்கையும் மீட்காது. 40 வருடம் கடந்தவை என்றால் இரண்டுமே போத்தலுக்குப் போத்தல் மாறும். அங்கே லத்தூருக்கும் உத்தரவாதமில்லை.

எதை வாங்கினாலும் கொழும்பிலிருந்து இரவில், ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவாருங்கள். இரண்டு கிழமை அசைக்காமல் விட்டு, திறக்க இரண்டு நாள் முன் நிமிர்த்தி வையுங்கள். பழந்தக்கை திருகியில் உடையும். இரட்டைத் தகட்டுத் திறப்பான் நல்லது. கழுத்துக்குக் கீழே டோர்ச் பிடித்து மெல்ல ஊற்றி, கசடு தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அறைச் சூட்டில் தானே ஏறும் என்பதால் 15 பாகையிலேயே ஊற்றலாம். நண்டுக்கறியும் மீன்குழம்பும் பக்கத்தில் வேண்டாம்: வைனிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வெடுக்கைக் கிளப்பும், உறைப்பு துவர்ப்பைக் கூட்டும். உப்பும் கொஞ்சம் மிளகும் தடவிச் சுட்ட ஆட்டிறைச்சி போதும்.