ஞாயிறு காலை உழவர் சந்தை: பையையும் பணத்தையும் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள்

எங்கள் ஊர் உழவர் சந்தைக்கு இரண்டு வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் வருகிறேன், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. காய் வாங்குவது அவர்கள் வேலை. பணம் அவர்கள் கையில் இருக்கும், பை அவர்கள் தோளில் இருக்கும், நான் பத்தடி தள்ளி நிற்பேன். இப்படிப் போய் வந்ததில் பார்த்ததை எழுதுகிறேன், பிள்ளை வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

இது தொடங்கியது 2023 ஜூலையில். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டில் தக்காளிச் சட்னி நின்றுபோனது, ரசம் வெறும் புளியில் வந்தது. "ஏன் திடீர்னு விலை ஏறுச்சு?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சரி, விளைவிக்கிறவர்களிடமே கேட்கலாம் என்று கூட்டிப் போனேன். தக்காளி வைத்திருந்த பெரியவர் ஒருவர் எடை போட்டுக்கொண்டே சொன்னார்: "நாத்து நட்டு காய் பறிக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும் கண்ணு. அன்னைக்கு விலை இல்லைன்னு நாங்க நடல, இன்னைக்கு காய் இல்ல." நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. சில வாரம் கழித்து அதே தக்காளி மடமடவென்று சரிந்தபோது அவளே சொன்னாள், விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நட்டிருப்பார்கள் என்று.

காய் வாங்கப் பிள்ளைகளை எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமே, உழவர் சந்தை எதற்கு என்று கேட்கலாம். இந்தச் சந்தை நடக்கிற முறை பிள்ளைகளுக்கு அவ்வளவு தோதாக இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள், கலைஞர் முதல்வராக இருந்தபோது. அது குழந்தைகள் தினமாக அமைந்ததை என் மகள் விசேஷமாகச் சொல்லிக்கொள்வாள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேராக விற்பதற்கான இடம் என்பதால் கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். யாருக்கு எங்கே நிலம், என்ன பயிர் என்று பார்த்துத்தான் போட்டோ ஒட்டிய அட்டை கொடுக்கிறார்கள். மகன் ஒரு நாள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "இவங்களும் ஸ்கூலுக்குப் போறாங்களா?" என்று கேட்டான். விற்றுக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே அட்டையை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டி அவர் பெயரையும் ஊரையும் படித்து முடிக்கும்வரை பின்னால் நின்றவர்களும் பொறுமையாக நின்றார்கள்.

விலை வாசலிலேயே பலகையில் இருக்கும். தினமும் காலையில் நிர்ணயிக்கிறார்கள், மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடவும் வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறையவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பேரம் பேசத் தெரியாத பிள்ளையை யாரும் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் இதனால் பாதி குறைந்துவிடுகிறது. உள்ளே நுழையும்போது மகள் சின்ன நோட்டில் நாலைந்து விலையை எழுதிக்கொள்வாள். பலகையில் எல்லாம் கிலோவுக்குத்தான் இருக்கும், எங்களுக்கு வேண்டியது காலும் அரையும் முக்காலும். கத்தரிக்காய் கிலோ 48 என்றால் முக்கால் கிலோ எவ்வளவு என்று வரிசையில் நின்றுகொண்டே கணக்குப் போட வேண்டும். பள்ளியில் பின்னம் என்றாலே முகம் சுளிப்பவள், இங்கே 36 என்று சொல்லிவிட்டுத்தான் பணத்தை எடுப்பாள். முதல் இரண்டு மாதம் தப்பும் தவறுமாகத்தான் வந்தது. விற்கிறவர்கள் திருத்தினார்கள், நான் திருத்தவில்லை. அதற்கு எனக்குத்தான் நிறைய பழக்கம் தேவைப்பட்டது, வாயைத் திறக்காமல் நிற்பது லேசான காரியம் இல்லை.

தராசு பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். காய் வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா, தட்டின் எடையைக் கழித்தாயிற்றா என்று மகன் எம்பிப் பார்ப்பான். ஒருவர்கூட இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

வெண்டைக்காய் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெண்டைக்காய் இளசா முற்றலா என்று பார்க்க நுனியை ஒடிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மகள் கடகடவென்று பத்துப் பன்னிரண்டு காயை ஒடித்து, பிடித்ததைப் பையில் போட்டு, பிடிக்காததைக் குவியலிலேயே விட்டுவிட்டாள். வைத்திருந்த பாட்டி திட்டவில்லை. ஒடிந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டே, "ஒடிச்சத அப்புறம் யாரு வாங்குவா தங்கம்?" என்றார். மகள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பாட்டியே ஒரு காயை எடுத்து விரலால் லேசாக அழுத்திக் காட்டினார், மேலே சுணை எப்படி இருக்கிறது, காம்புப் பக்கம் பச்சை எப்படி இருக்கிறது என்று. ஒடிக்காமலே தெரிகிறது! நாற்பது வயதில் நானும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஒடித்த காய்களையும் சேர்த்து எடை போடச் சொல்லி மகள் வாங்கிக்கொண்டாள், அதில் நாலைந்து நார் மாதிரி முற்றல். அன்று மதியம் பொரியலில் அதைத் தேடித் தேடித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மகனுக்குப் பிடித்த இடம் புடலங்காய் இருக்கும் கடை. ஒரு தடவை ஒரு காயின் நுனியில் நூல் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அந்த அண்ணன், பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் காய் சுருளாமல் நேராக வளரும் என்று சொல்லி, நூலைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டார். அந்த நூல் இன்னும் அவன் பென்சில் டப்பாவில் இருக்கிறது. இப்படி நேராக வளர்ந்து நம் தட்டுக்கு வருகிற புடலங்காய்க்கு ஒருவர் கல் கட்டியிருக்கிறார் என்பது அவனுக்குப் பெரிய ஆச்சரியம். அதற்குப் பிறகு புடலங்காய்க் கூட்டை அவன் ஒதுக்குவதில்லை (பாகற்காயை இன்னும் ஒதுக்குகிறான், அது வேறு கதை).

நஷ்டமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு வாரம் தக்காளி மலிவாகக் கிடைத்தது என்று மகள் மூன்று கிலோ வாங்கிவிட்டாள், எல்லாமே நன்றாகப் பழுத்தது. செங்காயாகப் பாதி, பழமாகப் பாதி என்று கலந்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. புதன்கிழமைக்குள் பாதி நசுங்கித் தண்ணீர் விட்டுவிட்டது. என் மனைவி திட்டாமல் அவளையே கூப்பிட்டு, எது தேறும் எது தேறாது என்று பிரிக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவள் எடுத்த தக்காளிகளைப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது திங்கள், இது வியாழன் என்று முணுமுணுத்துக்கொண்டே கூடையில் போட்டாள். முப்பது நாற்பது ரூபாய் நஷ்டத்தில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து எங்கும் கிடைக்காது. பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் சொல்லித்தருகிறோம் என்று வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு முன்பு மாதம் இரண்டாயிரம் கட்டினேன், பெயர் வேண்டாம். அங்கே காகித நோட்டும் பிளாஸ்டிக் காயும் வைத்துக் கடை விளையாட்டு நடத்தினார்கள். பிளாஸ்டிக் தக்காளி அழுகாது, அதனால் அங்கே கற்றது எதுவும் மனதில் நிற்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் கூடுதலாக வந்த நாற்பது ரூபாய் கதை. வீட்டுக்கு வந்ததும் கணக்கு எழுதுவது எங்கள் வழக்கம். அன்று கொடுத்தது 200, செலவு 158, மீதி 42 இருக்க வேண்டும், பர்ஸில் 82 இருந்தது. எண்ணி எண்ணிப் பார்த்துக் கடைசியில் பிடிபட்டது. கீரை வாங்கிய இடத்தில் கூட்டமாக இருந்திருக்கிறது, அந்த அக்காவும் சில்லறை கொடுத்திருக்கிறார், பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரரும் கொடுத்திருக்கிறார். மகன் "ஜாலி, நாப்பது ரூபாய் லாபம்" என்றான். மகள் ஒன்றும் பேசாமல் ஒரு கவரில் போட்டு 'கீரை அக்கா' என்று எழுதி அலமாரியில் வைத்தாள். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விளைச்சல் இருந்தால்தானே வருவார்கள். மூன்றாவது வாரம் வந்திருந்தார். கவரை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர், "அன்னைக்குக் கணக்கு இடிச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு அடுத்தவருக்கு முளைக்கீரைக் கட்டை எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று மகள் எதிர்பார்த்திருப்பாள் போல. வண்டியில் வரும்போது, "அவங்க ஒண்ணுமே சொல்லலயேப்பா" என்றாள். "அவங்க காசுதானே கண்ணு" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆமா, அவங்க காசுதான்" என்றாள்.

என் அம்மா ஒருமுறை எங்களோடு வந்தபோது பழக்கதோஷத்தில் கீரைக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்டார். பேத்தி அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "பலகையில் எழுதியிருக்கு ஆத்தா, கேக்கக் கூடாது" என்றாள். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் காலத்தில் பேரம் பேசாவிட்டால் குடும்பம் நடத்தியிருக்க முடியாது என்று அன்றிரவு பேத்தியிடம் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பது மட்டும் எங்கள் வீட்டில் அனுமதி, அதுவும் வாங்கிய இடத்தில் ஒரு தடவைதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. எங்கள் சந்தையில் கழிப்பறை பிள்ளைகளைக் கூட்டிப் போகிற நிலையில் இருப்பதில்லை, கிளம்பும் முன்பே வீட்டில் போய்விட்டு வருவது நல்லது. மழை பெய்தால் தரை சகதி, இலை தழையில் கால் வழுக்கும், மகன் ஒருமுறை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். வண்டி நிறுத்தும் இடத்தில் யாரும் யாருக்கும் வழி விடுவதில்லை, அந்த இடத்தைக் கடக்கும்வரை கையை விடாதீர்கள். சில நாள் விலைப்பலகையில் முந்தின நாள் விலையே கிடக்கும். ஒன்றிரண்டு கடைகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மூட்டையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தால் அது விவசாயி கடைதானா என்று சந்தேகம் வருகிறது, இந்தச் சமவெளியில் கேரட் எங்கே விளைகிறது? மகளே அதைக் கேட்டாள், எனக்குப் பதில் இல்லை. இதை அதிகாரிகள் கவனித்தால் நன்றாக இருக்கும், ஏனென்றால் அட்டை காட்டி விற்கிறவர்கள் மேல் பிள்ளைகள் வைத்திருக்கும் நம்பிக்கை அதில்தான் இருக்கிறது. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன், அந்த ஒன்று கழிப்பறைக்கும் கேரட்டுக்கும்.

போகிறவர்களுக்கு: விடிகாலை போனால் நல்ல காய் கிடைக்கும், ஆனால் அப்போது மொத்தமாக வாங்குகிறவர்கள் கூட்டம், பிள்ளைக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. நாங்கள் எட்டு மணிக்கு மேல்தான் போகிறோம். காயில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் பேச ஆள் கிடைப்பார்கள். பத்தும் இருபதுமாகச் சில்லறை கொண்டுபோங்கள், போனை நீட்டி ஜிபே செய்தால் பணம் குறைவது பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. ஏழு எட்டு வயதுக்கு ஒரே ஒரு காய் போதும், கீரையில் தொடங்கலாம், எடை போடும் வேலை இல்லை. விற்கிறவர் முன்னால் பிள்ளையைத் திருத்தாதீர்கள். துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தக்காளிக்குத் தனியாக ஒன்று.

அமாவாசைக்கு முந்தின நாளும் அன்றும் வாழைக்காய், பூசணிக்காய்ப் பக்கம் கால் வைக்க முடியாது, விலையும் கூடத்தான் இருக்கும். முதல் தடவை கூட்டிப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டு அந்த ஞாயிற்றை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.