நாபாவா, சொனோமாவா?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாயகாமஸ் மலைத்தொடர். அதற்குக் கிழக்கே நாபா, மேற்கே சொனோமா. இரண்டுமே கலிபோர்னியாவின் ஒயின் பகுதிகள். அமெரிக்க ஒயின் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது நாபாதான். ஆனால் ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும் என்றால், சொனோமாவுக்குப் போங்கள் என்பேன்.

வயதில் சொனோமா மூத்தது. 1823-இல் அங்கே மிஷன் தேவாலயம் எழுப்பிய பாதிரிமார்கள் திராட்சையும் நட்டார்கள். ஹங்கேரியிலிருந்து வந்த அகோஸ்டன் ஹராஸ்தி 1857-இல் பூனா விஸ்டா ஒயின் ஆலையைத் தொடங்கினார். அவரிடம் தொழில் பழகிய சார்ல்ஸ் க்ரூக்தான் 1861-இல் நாபாவில் ஆலை வைத்தார். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு இரு பக்கத்தையும் முடக்கிப் போட்டது. தேவாலயப் பூசைக்கான ஒயின் செய்து தாக்குப்பிடித்த ஆலைகள் சில.

நாபாவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது 1976 பாரிஸ் போட்டி. பிரெஞ்சு நடுவர்கள் பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் லேபிளைப் பார்க்காமல் ருசி பார்த்தார்கள். சிவப்பு ஒயினில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 அறுவடை கபர்னே (கபர்னே சாவிஞோன் என்ற சிவப்புத் திராட்சை ரகம்) முதலிடம். வெள்ளையில் ஷாட்டோ மான்டெலீனாவின் 1973 ஷார்டனே (வெள்ளைத் திராட்சை ரகம்). இரண்டுமே நாபா ஆலைகள்தான். ஆனால் மான்டெலீனா வாங்கிய திராட்சையில் பெரும்பகுதி விளைந்தது மலைக்கு அந்தப் பக்கம், சொனோமாவில்! ஒயினைப் பற்றிப் பேசும்போது ஆலையோடு நிறுத்திவிடுகிறோம், தோட்டத்தைக் கேட்பதில்லை. சொனோமாவுக்குக் கிடைக்கவேண்டிய பேர் இப்படித்தான் கைநழுவியது.

மண்ணையும் காற்றையும் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். நாபா சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகலான பள்ளத்தாக்கு. இருபுறமும் மலை, நடுவில் நல்ல வெயில். கபர்னே சாவிஞோன் பழுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அங்குள்ள தோட்டங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே ரகம்தான்.

சொனோமா நாபாவைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிய பரப்பு, பசிபிக் கடற்கரையையும் தொடுகிறது. ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கில் கடல் மூடுபனி காலையில் வெகுநேரம் கலையாது. அந்தக் குளிர்ச்சியில்தான் பினோ நுவார் என்ற சிவப்பு ரகமும் ஷார்டனேயும் புளிப்பு குறையாமல் நிதானமாகப் பழுக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டிரை கிரீக்கில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அது ஜின்ஃபண்டெல் என்ற சிவப்புத் திராட்சை ரகத்தின் நாடு. நூறு வயதைக் கடந்த கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல், முறுக்கேறிய அடிமரத்தோடு குட்டையாகத் தனித்தனியே நிற்கும். நடுநடுவே பெட்டிட் சிரா, கரின்யான் போன்ற வேறு சிவப்பு ரகக் கொடிகளும் இருக்கும். பழையகாலத் தோட்டக்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பறித்து, சேர்த்தே புளிக்கவைத்தார்கள். இன்றும் அப்படிச் செய்பவர்கள் உண்டு.

அதற்காக நாபாவை மட்டம் தட்டவில்லை. 1968-இலேயே பள்ளத்தாக்கு நிலத்தை விவசாயத்துக்கென்று ஒதுக்கி, வீட்டுமனைகளாகத் துண்டு போடவிடாமல் காத்த ஊர் அது. திடமான கபர்னேதான் வேண்டும், விலை பரவாயில்லை என்பவர் யோசிக்காமல் நாபா போகலாம். பல ரகம் பழகிப் பார்க்க நினைப்பவருக்கு சொனோமாதான் சரி.

கடையில் வாங்குபவர்கள் லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ‘நாபா வேலி’, ‘ரஷ்யன் ரிவர் வேலி’ என்று போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் ‘கலிபோர்னியா’ என்றிருந்தால் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம்.