ஃப்ரீகேட் 1.0 கேம்: போட்ட திட்டத்தை எழுதி வைக்கலாம், திட்டத்தை அது போடாது

ஒரு ஜாப்பை சிஎன்சி மெஷினில் ஏற்றும் முன் மூன்று முடிவுகள் வேண்டும்: எந்தப் பக்கத்தை முதலில் பிடிப்பது, எங்கிருந்து அளவு எடுப்பது, எதை எந்த டூலால் எந்த வரிசையில் வெட்டுவது. 2024 நவம்பரில் வந்த டிசைன் மென்பொருளான ஃப்ரீகேட் 1.0-இல், 'பாத்' என்ற பழைய பெயரை விட்டு 'கேம்' ஆன, மெஷினுக்கான ஜி-கோடை உருவாக்கும் பகுதி, கடைசி முடிவை எழுதி வைக்க அருமையான இடம். காசும் கிடையாது. முதல் இரண்டையும் நீங்கள்தான் எடுத்தாக வேண்டும்.

ஒரு துண்டை வைத்துப் பார்க்கலாம். 6061 அலுமினியம், முடிந்த அளவு 80×60×20 மி.மீ. நடுவில் 12 மி.மீ. ஆழப் பாக்கெட். இரண்டு 10 எச்7 துளைகள், ஓர் ஓரத்திலிருந்து ±0.02-க்குள் இருக்க வேண்டும்.

மாடலில் அது வெறும் 10 மி.மீ. துளை. டிராயிங்கில் உள்ள எச்7, அதாவது 0 முதல் +0.015 மி.மீ. வரை என்ற அனுமதி, கேமுக்குத் தெரியாது. டிரில்லிங் ஆபரேஷனைக் கேட்டால் ஒரே 10 மி.மீ. டிரில்லை இறக்கத் தயாராக இருக்கும்; துளை பெரிதாகிவிடும். மையம் குறிக்கும் ஸ்பாட், 9.8 டிரில், அளவுக்கு முடிக்கும் ரீமர் என்று மூன்று ஆபரேஷன்களாக நீங்கள்தான் உடைக்க வேண்டும். அதுபோல அளவு எடுக்கும் ஓரமும் துளையும் ஒரே செட்டிங்கில் முடிய வேண்டும். கழற்றி மறுபடி பிடித்தால் வரும் பிசகே அந்த 0.02-ஐத் தின்றுவிடும்.

ஆகவே ஸ்டாக்கை, அதாவது வெட்டும் முன் உள்ள கட்டியை, 85×65×30 என்று எடுங்கள். மேல் முகத்தைச் சமமாக்கும் ஃபேசிங்கில் 1 மி.மீ. போனால் கீழே 9 மி.மீ. மிஞ்சும், அதில் 7-ஐ வைஸ் பிடிக்கட்டும். ஓரம், பாக்கெட், துளை எல்லாம் முதல் செட்டிங். திருப்பிப் போட்டு அந்த 9 மி.மீ.-ஐ வெட்டி எடுப்பது மட்டும் இரண்டாவது. 118 டிகிரி டிரில்லின் முனை நீளம் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு, இங்கே 2.9 மி.மீ. ரீமரின் சரிவுக்கும் இடம் விட்டு ஃபேசிங் முடிந்த முகத்திலிருந்து முழு விட்டம் 23 மி.மீ. வரை இறங்கினால் முனை 25.9-இல் நிற்கும். அடியில் 3 மி.மீ. உலோகம் மிச்சம், துண்டுக்கு அடியில் வைக்கும் பாரலல் கட்டை தப்பிக்கும். டிரில்லிங்கில் முனை நீளத்தைத் தானாகக் கூட்டும் தேர்வு இருக்கிறது. அதையும் போட்டு ஆழத்தையும் கையால் கூட்டி வைத்தால் இரண்டு முறை இறங்கும்.

ஜாப்பின் இயல்பு மதிப்புகள் இருக்கும் செட்டப் ஷீட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும், பலர் திறப்பதே இல்லை. ஸ்டெப் டவுனுக்கு, அதாவது ஓர் இறக்கத்தின் ஆழத்துக்கு, அதில் இயல்பாக இருக்கும் மதிப்பு டூலின் விட்டம். 10 மி.மீ. எண்ட்மில் போட்டால் ஒரே இறக்கத்தில் 10 மி.மீ. ஆழம். அடாப்டிவ் ஆபரேஷனில் பக்கவாட்டு வெட்டு குறைவு, அது தாங்கும். சாதாரணப் பாக்கெட்டில் டூல் முழு அகலத்தில் புதையும் இடத்தில் சின்ன மெஷின் அலறும், சிப் வெளியேற வழியில்லாமல் டூலில் ஒட்டும். விட்டத்தில் 0.3 பங்கு என்று மாற்றி டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். டெம்ப்ளேட்டில் டூல், ஸ்டாக், செட்டப் மதிப்புகள், போஸ்ட் (அந்தந்த மெஷினுக்கேற்ற ஜி-கோடாக மாற்றும் பகுதி) எல்லாம் போகும். ஆபரேஷன்கள் போகாது, இது ஒரு குறைதான்.

ராபிட், அதாவது வெட்டாமல் வேகமாக நகரும் நகர்வு, அதன் உயரமும் அங்கேயே. ஸ்டாக்கின் உச்சிக்கு மேல் 5 மி.மீ. கிளியரன்ஸ், 3 மி.மீ. சேஃப். இந்த ஜாப்பில் வைஸ் தாடை ஸ்டாக்கின் உச்சிக்குக் கீழேயே நிற்பதால் பிரச்சினை இல்லை. தட்டைத் துண்டை மேலிருந்து கிளாம்ப் போட்டு, போல்ட் 25 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றால், ராபிட் நேராக அதில்தான் போகும். 1.0-இன் புதிய சிமுலேட்டர் வேகமானது, பார்க்கவும் தெளிவு. ஆனால் வைஸையும் கிளாம்பையும் அது கணக்கில் எடுக்காது. திரையில் சுத்தமாக ஓடியது என்பதை நம்பி ஸ்டார்ட் அழுத்தக் கூடாது.

ஃபீடும் ஆர்பிஎம்மும் நீங்கள் கொடுப்பதுதான். 10 மி.மீ. மூன்று பல் கார்பைடு எண்ட்மில், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் சுமார் 6,370 ஆர்பிஎம், பல்லுக்கு 0.05 மி.மீ. வைத்தால் ஃபீட் நிமிடத்துக்கு 955 மி.மீ. பூஜ்யமாக விட்டுவிட்டால் ஜாப்பைச் சரிபார்க்கும் சானிட்டி அறிக்கை கண்டுபிடித்துச் சொல்லும். டூல் பட்டியலையும் அதுவே தருவதால் அச்செடுத்து மெஷின் பக்கம் ஒட்டலாம். சைக்கிள் டைம் வேண்டுமென்றால் ராபிட் வேகத்தையும் நிரப்புங்கள். டூல் மாற்றும் நேரமும் துண்டு ஏற்றும் நேரமும் அதில் சேராது.

மிகவும் பிடித்தது வெளியீட்டு வரிசைத் தேர்வு: ஃபிக்ஸ்சர், டூல், ஆபரேஷன் என்று மூன்று விதம். ஜி54, ஜி55 என்று தனித்தனி பூஜ்யப் புள்ளியோடு இரண்டு வைஸ், இவைதான் இங்கே ஃபிக்ஸ்சர்கள். ஃபேசிங், பாக்கெட், ஓரம் மூன்றும் அதே எண்ட்மில், பிறகு ஸ்பாட், டிரில், ரீமர். ஆக நான்கு டூல்கள். ஃபிக்ஸ்சர் வரிசையில் எட்டு முறை டூலை ஏற்ற வேண்டும், டூல் வரிசையில் நான்கே. கையால் மாற்ற மூன்று நிமிடம் என்றால், சுற்றுக்கு 12 நிமிடம் மிச்சம். வைஸ்களுக்கு நடுவே எதுவும் உயர்ந்து நிற்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் இது.

அளவு பார்க்கும் கட்டத்துக்குத் தனி இடம் இல்லை. ரீமருக்கு முன்னால் ஸ்டாப் ஒன்றைச் செருகி, துளையில் சிப் இல்லையா என்று பார்க்கச் சொல்லி கமெண்டில் எழுதலாம். கமெண்ட் ஜி-கோடுக்குள் போகும் என்பதால் ரோமன் எழுத்தில் எழுதுங்கள். பல கன்ட்ரோலர்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறும்.

இரண்டாவது செட்டிங்குக்குத் தனி ஜாப் திறந்து, முதல் செட்டிங் முடிந்த உருவத்தைச் சாலிடாக நீங்களே வரைந்து ஸ்டாக்காகக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை. மாடலைத் திருத்தினால் ஆபரேஷன் பிடித்திருந்த முகம் வேறொன்றாக மாறும் பழைய நோய் 1.0-இல் குறைந்திருக்கிறது; இருந்தும் திருத்திய பின் ஒவ்வோர் ஆபரேஷனையும் திறந்து பாருங்கள். ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் அந்தப் போஸ்டில் டிரில் சைக்கிளைச் சாதா நகர்வாக மாற்றும் தேர்வைப் போட வேண்டும், டிரில் சைக்கிள் கட்டளைகளான ஜி81-உம் ஜி83-உம் அந்த கன்ட்ரோலருக்குத் தெரியாது.