இணையவழியில் ஹோர்மோன் மருந்து எழுதித் தரும் சேவை: எங்கள் ஏழு மாத அனுபவம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த இரண்டையும் மனதாரத்தான் கொடுக்கிறேன். மிச்ச மூன்றை ஏன் கொடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு போனில் இப்படி ஒரு சேவையைத் தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை. சேவையின் பெயரைப் போடவில்லை. வெளிநாட்டில் இருந்து வீடியோவில் பேசி மருந்துத் துண்டு அனுப்புகிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தியது என் தங்கச்சி. அவள் திருநங்கை, வயது 24. நான் எழுதியதை அவள் வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தி, "சரி, போடு அக்கா" என்ற பிறகுதான் போடுகிறேன்.

நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். 21 வயதில் இருந்தே அவள் யாருக்கும் சொல்லாமல் டவுனில் கருத்தடை மாத்திரை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று என்று விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். யாரோ ஒரு சிநேகிதி சொல்லிக் கொடுத்த கணக்கு அது. ஒருநாள் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் இருந்த வெற்று மாத்திரை அட்டைகளை நான்தான் கண்டெடுத்தேன், முப்பதுக்கு மேல் இருந்தன, ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லலாம் என்றால், காலையில் அங்கே சொல்வது பொழுது சாய்வதற்குள் மேல் லயம் கீழ் லயம் என்று தோட்டத்து வீட்டு வரிசை எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை காய்ச்சலுக்குப் போனாள். அடையாள அட்டையில் இருக்கிற ஆண் பெயரை வெளிநோயாளர் பிரிவில் உரக்கக் கூப்பிட்டார்கள், இவள் சுடிதாரில் எழும்பினாள், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து எடுக்காமலே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த இணையச் சேவை கிடைத்தது. முதல் சந்திப்புக்குக் கட்டணம் 40 பவுண், எங்கள் காசுக்கு ஏறக்குறைய 16,000 ரூபா. அம்மாவுக்கு அப்போது ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350. பன்னிரண்டு நாள் வேலைக்குப் பேர் போட்டால்தான் அந்தக் காசு. நான் ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன், என் சீட்டுக் காசில் கட்டினேன். நிரப்பக் கொடுத்த போம் முழுக்க ஆங்கிலம். "உங்கள் குடும்ப வைத்தியர் யார்" என்று ஒரு கேள்வி இருந்தது. எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை என்று எழுதி அனுப்பினோம், அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது.

லயத்தில் சிக்னல் நிற்காது. மாரியம்மன் கோயிலுக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏறினால்தான் வீடியோ ஓடும். பாயை விரித்து உட்கார்ந்தோம், காலுக்கு உப்பும் சவர்க்காரமும் தடவிக்கொண்டு போயும் எனக்கு இரண்டு அட்டைப் பூச்சி ஏறிவிட்டது. டொக்டர் திரையில் வந்ததும் முதலில் கேட்டது, "உங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?" தங்கச்சி தன் பெயரைச் சொன்னாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது, ஒரு டொக்டரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டொக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முதல் நட்சத்திரம் அதற்கு.

அப்புறம் சிகரெட் பிடிப்பாயா, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, ஈரல் வருத்தம் உண்டா என்று கேட்டார். இப்போது என்ன குடிக்கிறாய் என்றும் கேட்டார். மாத்திரை அட்டையைக் கமராவுக்குக் காட்டினோம். அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையோல் என்கிற செயற்கைப் பெண் ஹோர்மோன், கால் நரம்பில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகிற ஆபத்து இதில் கூட, திருநங்கைகளுக்கு இப்போது யாரும் இதை எழுதுவதில்லை, இன்றைக்கே நிறுத்து என்று சொன்னார். மூன்று வருடமாக அவள் குடித்துக்கொண்டிருந்ததை 20 நிமிடத்தில் நிறுத்த வைத்தார். இரண்டாவது நட்சத்திரம் அதற்கு. இணைய வைத்தியம் என்றாலே ஏமாற்று வேலை, எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த மாத்திரை அட்டைக் கட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

மறுநாள் மருந்துத் துண்டு ஈமெயிலில் வந்தது. உடம்பில் இயற்கையாகச் சுரக்கிற பெண் ஹோர்மோனான எஸ்ட்ரடையோல், கூடவே ஆண் ஹோர்மோனைக் குறைக்க ஸ்பைரோனோலாக்டோன். அச்சடித்துக்கொண்டு போனேன். முதல் பாமசியில் இருந்தவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதில் இலங்கைப் பதிவு இலக்கம் இல்லையே தங்கச்சி, இங்கே பதிந்த டொக்டர் எழுதிக் கொடுத்தால்தான் நான் தரலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது கடையில் துண்டை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, மருந்தின் பெயரைச் சொன்னதும் மூன்று மாதத்துக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு இரண்டாவது கடைக்காரரைத்தான் நல்லவர் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் அவளுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. எழும்பினால் கண் இருட்டும். நாங்கள் சத்துக் குறைவு என்று நினைத்தோம். நான் வேலை முடிந்து வரும்போது தினமும் செவ்விளநீர் இரண்டு வாங்கி வந்தேன், அம்மா காலையில் வாழைப்பழம் கொடுத்தார், டிஸ்பென்சரியில் மயக்கம் என்று மட்டும் சொல்லி ஜீவனி பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) வாங்கிக் கரைத்துக் கொடுத்தோம். அப்படியே இரண்டு வாரம் போனது. பிறகு கால் தசை தளர்ந்து, பாறைப் படி ஏறமுடியாமல் நின்றாள்.

இந்த மருந்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், அதனால்தான் தலைசுற்று. அதே மருந்து உடம்பில் பொட்டாசியத்தையும் வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும். இளநீர், வாழைப்பழம், ஜீவனி எல்லாவற்றிலும் இருப்பது பொட்டாசியம். அது அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நாங்கள் அன்பாகக் கொடுத்த ஒவ்வொரு குவளையும் அவளை அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கிறது. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. துண்டில் ஒரு வரி இல்லை, ஈமெயிலில் ஒரு வரி இல்லை. மருந்து தொடங்கிய முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹோர்மோன் அளவும், ஸ்பைரோனோலாக்டோன் குடித்தால் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டியிலேயே இருக்கிறது. அதை நான் பிறகுதான் தேடி வாசித்தேன்.

சேவைக்கு எழுதினேன். பதில் ஒன்பதாவது நாள் வந்தது: உங்கள் பகுதி வைத்தியரைப் பாருங்கள். அவ்வளவுதான். பகுதி வைத்தியர் இல்லை என்று முதல் போமிலேயே எழுதியிருந்தோம். அதற்கு முன்பே, நான்காவது நாள், முதல் பாமசிக்காரரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, ரத்தம் பரிசோதிக்கப் பக்கத்து லேபுக்கு அனுப்பினார். ரிப்போட்டில் பொட்டாசியத்தின் மேல் எல்லை 5.1 என்று அச்சடித்திருந்தது, அவளுக்கு 5.9. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தோம், நல்ல காலமாக அதில் பிழை இல்லை.

அப்புறம்தான் முறைப்பாடு செய்வதற்கு யார் என்று தேடினேன். டொக்டர் ஒரு நாட்டில், கம்பனி இன்னொரு நாட்டில், காசு போன கணக்கு மூன்றாவது நாட்டில். இங்கே வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும், மருந்து விற்பதை 2015 சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை பார்க்கிறது. ஆனால் இங்கே பதியாத, இந்த மண்ணை மிதிக்காத ஒரு டொக்டரைப் பற்றி இவர்களிடம் சொல்லி என்ன ஆகும்?

பிரித்தானியாவிலும் இதே பிரச்சினை பல வருடமாக ஓடுகிறது. அங்கே 18 வாரத்துக்குள் கிடைக்க வேண்டிய முதல் சந்திப்பு பாலினக் கிளினிக்குகளில் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது, அதனால்தான் ஆட்கள் தனியார் இணையச் சேவைகளுக்கு ஓடுகிறார்கள். வேல்ஸில் அப்படி ஒரு சேவையைப் பதிவில்லாமல் நடத்தியதற்காக டொக்டர் ஹெலன் வெபர்லிக்கு 2018 இல் அபராதம் விதித்தார்கள். 2022 இல் மருத்துவத் தீர்ப்பாயம் அவரை இரண்டு மாதம் இடைநிறுத்தியது, 2023 இல் உயர் நீதிமன்றம் அந்த இடைநிறுத்தத்தை ரத்துச் செய்தது. யார் பக்கம் நியாயம் என்று அங்கேயே ஒருமுடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது, கேட்பதற்கு ஆள் இருந்தது. 2021 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கும் அந்த நாட்டுப் பொது மருத்துவ சபையின் வழிகாட்டி, வெளிநாட்டு நோயாளிக்கு மருந்து எழுதும்போது அங்கே அவரை யார் கண்காணிப்பார்கள் என்று யோசிக்கச் சொல்கிறது. எனக்கு அந்த ஒரு வரி போதும். அதைச் செய்திருந்தால் 40 பவுண் என்ன, 60 கேட்டாலும் கட்டியிருப்பேன். (18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விஷயம் வேறு. பருவமாற்றத்தை நிறுத்தும் மருந்தைத் தனியார் புதிதாக எழுதுவதை அங்கே 2024 இல் தடுத்தார்கள். அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.)

இப்போது அவள் கண்டியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறாள். விடியற்காலை முதல் பஸ் பிடித்து, திரும்பி வர இருட்டிவிடும், அன்றைய வேலையும் போகும். முதலில் மனநல வைத்திய நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தது. "எனக்கு என்ன பைத்தியமா" என்று அழுதாள். திருநர் நிலையை உலக சுகாதார நிறுவனமே புதிய நோய் வகைப்பாட்டில் மனநோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது, அது 2022 இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது, பிறகும் ஏன் இந்த வாசல் வழியாகவே போகவேண்டும் என்ற அவளுடைய கேள்வி நியாயமானது. ஆனால் பாலின அங்கீகாரச் சான்றிதழும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. 2016 இல் சுகாதார அமைச்சு அதற்குச் சுற்றறிக்கை விட்டது, அதை வைத்துத்தான் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம். டொக்டர் நன்றாகப் பேசினார். ரத்தம் எடுத்தார்கள், அளவு பார்த்து மருந்து மாற்றினார்கள், இளநீர் வேண்டாம் என்று என்னிடமே சொன்னார்கள். ஒரு சதம் வாங்கவில்லை.

அப்படியென்றால் இணையச் சேவை வேண்டாமா என்று கேட்டால், கண்டிக்குப் போக முடியாதவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போவதானால் காசு கட்டும் முன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். டொக்டர் எந்த நாட்டில், எந்த இலக்கத்தில் பதிந்திருக்கிறார், முதல் ரத்தப் பரிசோதனை எப்போது, தலை சுற்றினால் எத்தனை மணித்தியாலத்தில் பதில் வரும். பதில் சொல்ல மறுத்தால் காசைக் கட்டாதீர்கள். பாமசியில் துண்டைப் பார்த்துத் தர மறுத்தால் கோபப்படாமல், எங்கே போவது என்று அவரிடமே கேளுங்கள். எனக்கு வழி சொன்னவர் அவர்தான்.

போன வாரம் சேவையில் இருந்து இன்னொரு ஈமெயில் வந்தது, மூன்று மாத மருந்தைப் புதுப்பிக்க ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி. ரிப்போட் கேட்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. தங்கச்சி கணக்கை மூடிவிட்டாள். அவளுடைய கிளினிக் கொப்பியின் அட்டையில் அடையாள அட்டைப் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள், அதற்குக் கீழே அவளுடைய பெயரை அங்கே இருந்த மிஸ் ஒருவர் பென்சிலால் எழுதி, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. சான்றிதழுக்கான போமையும் அன்றைக்கே கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.