சோக்கு போட்ட பழைய டியூப் லைட்டா, எல்.இ.டி. பட்டியா?

ஸ்விட்சைப் போட்டதும் டியூப் லைட் நாலு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தால், "இதைக் கழற்றிப் போட்டுட்டு எல்.இ.டி. மாட்டிடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். நானும் ஹாலில் மாட்டிவிட்டேன். மாடிப்படியில் மட்டும் பழசையே விட்டுவைத்திருக்கிறேன்.

முதலில் கரண்ட் கணக்கு. பழைய டியூப்பில் 40 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் காப்பர் சோக்கு தன் பங்குக்கு இன்னும் பத்துப் பதினைந்து வாட் தின்றுவிடும் (கொஞ்ச நேரம் எரிந்த பிறகு டியூப் மாட்டியிருக்கும் பட்டியைத் தொட்டாலே சூடு தெரியும்), ஆக 50 வாட்டுக்குக் குறையாது. ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. பட்டி தருகிறது. தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் பழசு 18 யூனிட், புதுசு 7 யூனிட் சொச்சம். குண்டு பல்பு பேச்சே வேண்டாம், 60 வாட் பல்பு இதே கணக்கில் 21 யூனிட்டைத் தாண்டும், வெளிச்சமோ ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு அளவுக்குக்கூட வராது. சி.எஃப்.எல். நடுவில் வந்துபோன ஆள், இருப்பதை எரியவிடுங்கள், புதிதாக வாங்காதீர்கள். உள்ளே பாதரசம் இருப்பதால் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, சில்லுகளை அட்டையால் கவனமாக அள்ளுங்கள். டியூப்புக்கும் இதேதான்.

சரி, அப்புறம் எதற்கு மாடிப்படியில் பழசு? அங்கே விளக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்கூட எரிவதில்லை, யூனிட் மிச்சமாகி ஒன்றும் ஆகப்போவதில்லை. பழசில் எது போச்சென்று பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். இரண்டு முனை மட்டும் சிவந்து நடுவில் எரியாமல் நின்றால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சில்லறைக் காசுக்கு ஒன்று வாங்கித் திருகினால் சரி. முனைகள் கரேலென்று கறுத்து விட்டுவிட்டு எரிந்தால் டியூப்புக்கே வயதாகிவிட்டது. ரீங்காரம் கேட்டால் சோக்கு. எல்.இ.டி.யில் இந்த வசதி கிடையாது, பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிரைவர்தான் (வரும் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் சர்க்யூட்) போகும், ரிப்பேர் செய்யும் கூலிக்குப் புதுசே வந்துவிடும். அதனால் வாரண்டி பில்லைப் பத்திரமாக வையுங்கள். சூடு இதற்கு ஆகாது, நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் சீக்கிரம் போகும். ஆனால் வோல்டேஜ் இறங்கும்போது சோக்கு டியூப் முக்கி முனகும், நல்ல எல்.இ.டி. அலட்டிக்கொள்ளாமல் எரியும்.

பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப்பை மட்டும் போடலாமா என்றால், போடலாம், ஆனால் ஒயரிங்கை மாற்றவேண்டியிருக்கும். எப்படி என்பது டியூப்பின் வகையைப் பொறுத்தது, பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

எங்கள் சமையலறையில் ஒரே வருஷத்தில் மூன்று பல்பு போனது. பல்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டில் ஒன்று கருகிக் குழிந்திருந்தது. ஹோல்டருக்குள் ஒரு பின், ஸ்பிரிங் தளர்ந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டது, பல்பைச் சரியாகத் தொடாமல் பொறி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஹோல்டரை மாற்றியதோடு சரி, நாலாவது பல்பு இன்னும் எரிகிறது. எது மினுக்கினாலும் முதலில் மெயினை இறக்கிவிட்டு ஹோல்டரைப் பாருங்கள்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஸ்விட்சில் குட்டிச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்டே போதும், அதில் ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லாமலும் எரிந்தால், ஃபேஸுக்கு (கரண்ட் வரும் ஒயர்) பதில் நியூட்ரலில் (திரும்பிப் போகும் ஒயர்) ஸ்விட்சைக் கொடுத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். குண்டு பல்பு காலத்தில் அந்தத் தப்பு கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அப்படிக் கொடுத்திருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், அதைச் சரிசெய்யும்வரை ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி அந்த ஹோல்டரில் கை வைக்காதீர்கள்.