டொமாட்டில்லோ – கிரவுண்ட் செர்ரி விதைத் தொகுப்பு: கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

இணையத்தில் விதை விற்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் இந்த இரட்டை விதைத் தொகுப்பை வாங்கி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தேன். டொமாட்டில்லோ, கிரவுண்ட் செர்ரி இரண்டும் தக்காளிக் குடும்பத்துச் செடிகள்; காய் காகிதம் போன்ற மேலுறைக்குள் வளரும். முளைப்புத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் விதை உறையில் அச்சிட்ட குறிப்பில்தான். டொமாட்டில்லோ தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காத செடி. குறைந்தது இரண்டு செடிகளாவது அருகருகே நின்று, தேனீக்களும் வந்துபோனால்தான் காய்க்கும். இதைச் சொல்லாமல் 'ஒற்றைத் தொட்டிக்கும் ஏற்றது' என்று போட்டிருப்பதை நம்பி மொட்டைமாடியில் ஒரு செடி வைப்பவருக்கு மஞ்சள் பூக்களே மிஞ்சும். கிரவுண்ட் செர்ரிக்கு அந்தத் தொல்லை இல்லை. தனிச்செடியே காய்த்துத் தள்ளும்.

எங்கள் சித்தூர் வட்டத்துக் கரிசல் மண்ணில் நீர் தேங்குவதால் மேட்டுப்பாத்தி அமைப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இரண்டுமே சாய்ந்துவிடுகின்றன என்பதால் மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டத்தான் வேண்டும். நாற்றைத் தக்காளியைப் போலவே சற்று ஆழமாக நட்டால் தண்டிலும் வேர்விட்டு ஊன்றிக்கொள்ளும்.

டொமாட்டில்லோவை, காய் பருத்து மேலுறையை நிரப்பிக் கிழிக்கத் தொடங்கும்போது பச்சையாகவே பறிக்க வேண்டும். உறையை உரித்தால் காயின் மேல் பிசுபிசுப்பு இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடும். மெக்சிகோவில் செய்வதுபோல் வாணலியில் கருக வாட்டி, பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லியோடு அரைத்தால் புளியே வேண்டாத துவையல் கிடைக்கிறது. இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் மிகுந்த காய் என்பதால் ஆறியதும் தானே கெட்டிப்படுகிறது. தோசைக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டுகை எனக்குத் தோன்றவில்லை, ஆனால் சாம்பாரில் போட்டால் சுவை எடுபடவில்லை.

கிரவுண்ட் செர்ரி பழுத்துத் தானே உதிரும். உறை காய்ந்து வைக்கோல் நிறமாகி, உள்ளே பழம் மஞ்சளாக இருப்பதையே உண்ணலாம். நம் வரப்புகளில் வளரும் சொடக்குத் தக்காளியின் உறவுதான், இனிப்பு மட்டும் கூடுதல். கிரவுண்ட் செர்ரியின் பச்சைக் காயிலும் இலையிலும் நச்சுத்தன்மை உண்டு; குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லிவைக்க வேண்டும், விதை உறையில் அதுவும் இல்லை.

இதே நிறுவனம் இரண்டையும் தனித்தனி உறைகளாகவும் விற்கிறது. தொட்டியில் வளர்ப்பவர்கள் கிரவுண்ட் செர்ரியை மட்டும் வாங்கினால் போதும். தொகுப்பின் விலை, பாத்தி போட இடமுள்ளவர்களுக்கே தகும்.