பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர் ஆக: ஓராண்டுப் படிப்பா, ஈராண்டுப் படிப்பா?

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, வளர்ச்சியில் பின்தங்கிய சின்னஞ்சிறு குழந்தைகளுடன் வேலை செய்ய வேண்டும் என்று விரும்பும் ஒருவர் முன்னால் இரண்டு பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஆரம்பகாலச் சிறப்புக் கல்விப் பட்டயம். ஓராண்டு. மற்றொன்று, டி.எட். சிறப்புக் கல்வி. இரண்டு ஆண்டு. இரண்டுமே, மாற்றுத்திறனாளிகளுக்கான பணியாளர் பயிற்சியை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பாடத்திட்டங்கள். எதை முடித்தாலும் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறும், பதிவு எண் கிடைக்கும். வடசென்னையில், தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், ஓராண்டுப் படிப்பைத் தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஓராண்டுப் படிப்பு முழுவதும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பற்றியது. ஒன்றரை வயதாகியும் உட்காராத பிள்ளை, மூன்று வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளை, இவர்கள்தான் அங்கே மாணவர்கள். கரும்பலகைக்கு வேலை இல்லை. பாயில் உட்கார்ந்துதான் பாடம். தாய்க்குக் கற்றுக்கொடுப்பதே பாதி வேலை. ஏனென்றால் ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம்தான் குழந்தையோடு இருப்பார், மீதி நேரம் முழுவதும் வீட்டில்தான். தியாகராய நகரின் மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய ‘உபநயன்’ திட்டம் உடல் இயக்கம், தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், மொழி, அறிதல், பிறரோடு பழகுதல் என்று ஐந்து துறைகளாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பிரித்துப் பார்க்கிறது. இந்த வகைப் பயிற்சி ஒற்றை அறை வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டும். காசிமேட்டில் விடியற்காலையிலேயே மீன் எடுக்கப் போய்விடும் தாயிடம், ‘தினமும் காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பதில் பயன் இல்லை. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, சட்டை மாட்டும்போது எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவருடைய நாளுக்குள் நுழைந்து யோசிக்கத் தெரிந்தவரே இந்த வேலைக்கு ஆள்.

ஓராண்டுப் படிப்பில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பிரிவும் உண்டு. அதன் அருமை வடசென்னையில் இன்னும் கூடுதலாகத் தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்பு, அதாவது ஒலியைச் செவி நரம்புக்குக் கொண்டுசேர்க்கும் கருவியை உட்காதில் பொருத்தும் அறுவைச் சிகிச்சை, கிடைக்கிறது. ஆனால் கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடுவதில்லை. கேட்கும் ஒலியைப் பொருள் உள்ள சொல்லாக அறிய மாதக்கணக்கில் பழக்க வேண்டும், அதுவும் வீட்டில் பேசும் மொழியில். கொருக்குப்பேட்டையில் தெலுங்கு, மண்ணடியிலும் ராயபுரத்திலும் உருது பேசும் வீடுகள் இருக்கின்றன. அந்த மொழிகளில் ஒன்று தெரிந்த பெண் இந்தப் பயிற்சியை எடுத்தால், வேறு யாராலும் நிரப்ப முடியாத இடத்தை நிரப்புவார். அடையாறில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா இப்படிப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கென்றே உருவான பள்ளி. ஆசிரியர் பயிற்சிக்கும் பெயர் பெற்றது.

சரி, வேலை கிடைக்குமா? ஈராண்டுப் படிப்பு முந்துவது இந்த இடத்தில்தான். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உரிமையாக்குகிறது. சிறப்பாசிரியர் எண்ணிக்கை குறித்து உச்ச நீதிமன்றம் 2021-இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து வந்த விகிதமும், தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று பள்ளி வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே அரசுப் பணியிடங்கள் என்று பேசும்போது மனத்தில் இருப்பது பள்ளிதான். அதற்குக் கேட்கப்படுவது டி.எட். அல்லது பி.எட். சிறப்புக் கல்வி. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இருப்பவை அங்கன்வாடி, வளர்ச்சிக் குறையைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் இடையீட்டு மையக் குழுவில் சிறப்பாசிரியருக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேரைத்தான் அமர்த்த முடியும்? தொண்டு நிறுவனங்களில் சம்பளம் குறைவு. வளர்ச்சிக்கு மிக முக்கியமான வயதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மிகக் குறைந்த ஊதியம் கிடைப்பது அநியாயம். அதை மறைத்துவிட்டு இந்தப் படிப்பைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் தீர்ப்பு ஆளைப் பொறுத்து மாறும். ப்ளஸ் டூ முடித்தவுடன் வருகிறவர், குடும்பத்தின் வருமானத்துக்குத் தோள் கொடுக்க வேண்டியவர் என்றால், அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் ஈராண்டு டி.எட். எடுக்கட்டும். பள்ளியும் திறந்திருக்கும், சின்னக் குழந்தைகளின் மையமும் திறந்திருக்கும். ஏற்கெனவே அங்கன்வாடியிலோ நர்சரிப் பள்ளியிலோ பல ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஓராண்டுப் படிப்புதான் சரி. சிறு குழந்தையைக் கையாளும் பழக்கம் அவரிடம் இருக்கிறது. எந்தக் குழந்தையிடம் எது தாமதமாகிறது என்று கண்டுபிடிக்கும் கண் மட்டும் வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளை முன்கூட்டியே கண்டறிந்து உதவுவதற்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட பிறகு அந்தக் கண்ணுக்குத் தேவை கூடியிருக்கிறது.

பட்டதாரிகளுக்கான பி.எட். சிறப்புக் கல்வி பள்ளி ஆசிரியர் பணிக்கு நல்லது. கைக்குழந்தைகளைப் பற்றி அதில் கிடைப்பது கொஞ்சம்தான். முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் ஆரம்பகால இடையீட்டு முதுநிலைப் பட்டயம் இந்தத் துறைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கானது.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூரிலிருந்து கிண்டி வரை போவது எளிதாகிவிட்டது. முட்டுக்காடு அதற்கும் அப்பால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. தினமும் போய்வருவது உடம்புக்கு ஆகாது. பயிற்சி நிறுவனங்களில் பெயர்பெற்ற பலவும் நகரின் தென்பாதியில்தான் இருக்கின்றன. இந்தக் குறை வடசென்னைக்கு நீண்ட காலமாக உண்டு. வருகைப் பதிவு கண்டிப்பாகப் பார்க்கப்படும் படிப்பு என்பதால், சேருமுன் ஒரு வேலைநாள் காலையில் அந்த வழியில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள்.

மூன்று மாதத்தில் ‘சிறப்பாசிரியர் சான்றிதழ்’ தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 1992 ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, பதிவு இல்லாதவர் மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைக்கு வீணாகும் மூன்று மாதத்துக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் இந்தக் கல்வியாண்டுக்கான ஒப்புதல் இருக்கிறதா? செய்முறைப் பயிற்சியில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடும் அவர்களுடைய தாய்மாரோடும் எத்தனை மணி நேரம்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் வராத இடத்தில், பாடத்திட்டம் என்னவாக இருந்தாலும், நான் விண்ணப்பம் வாங்க மாட்டேன்.